ஆய்வுக் குழு வந்த நாள்

தலைப்பிரசவத்துக்காக ஆம்பூரில் அம்மா வீட்டுக்கு வந்திருந்தபோதுதான், நான் வேலை பார்க்கும் கடல் ஆராய்ச்சி நிலையத்துக்கு அரசு ஆய்வுக் குழு வந்தது. புதிய கடல்நீர்த் தொட்டிகளும் ஒரு படகும் வேண்டும் என்ற திட்டத்தில் பாதி நான் எழுதியது. அதை விளக்கிச் சொல்ல நான் அங்கே இல்லை.

காலையிலிருந்து போனை மடியிலேயே வைத்திருந்தேன்.

“இன்னாம்மா, சாப்பிடாம அதையே பாத்துக்கினு இருக்க? நீ இல்லன்னா வேலை நின்னுடுமா?” என்றாள் அம்மா.

மூன்று மணிக்கு, கூட வேலை செய்யும் தோழி வீடியோவில் அழைத்தாள்.

“தொட்டிக்கு சரின்னுட்டாங்க. படகு அடுத்த வருஷம் பாக்கலாமாம். பவளப்பாறை பத்திக் கேட்டாங்க, நீ எடுத்த படத்தைத்தான் காட்டினேன்.”

சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் படங்களுக்காகக் கடலில் இறங்கிய காலைகள் நினைவுக்கு வந்தன.

“போனைக் கொஞ்சம் கடல் பக்கம் திருப்பேன்,” என்றேன்.

அவள் கரைக்கு நடந்துபோய்த் திருப்பினாள். தண்ணீர் தெளிந்து பச்சையாகக் கிடந்தது. சாதத்தட்டுடன் வந்த அம்மா என் தோளருகே குனிந்து பார்த்தாள்.

“இதுலயா இறங்குவ நீ?”

“ஆமாம்மா,” என்று போனை அவள் பக்கம் நகர்த்தினேன்.