கலாமணி அக்கா பொருத்திய ஐந்து பெட்டிகள்

கலாமணி அக்காவைப் பற்றி நான் எழுதப் போவதில் மெருகேற்றிய வரி ஒன்றுகூட இருக்காது. கேட்டதைக் கேட்டபடியும் பார்த்ததைப் பார்த்தபடியும் எழுதுவேன். நான் சொன்ன பொய்யைப் பொய் என்றே எழுதுவேன். இந்த நினைவு மலரைப் படிக்கப் போகும் நீங்கள் எல்லோருமே அக்காவைத் தெரிந்தவர்கள். எங்காவது நான் தவறியிருந்தால் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

புதன்கிழமை மாலை பள்ளி விட்டு டவுன் பஸ்ஸில் துடியலூரில் வந்து இறங்கினேன். அக்காவின் ஆம்ப்ளிஃபயர் கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. அக்கா ஆஸ்பத்திரியில் இருந்த பத்து நாளும் அவருடைய தம்பி சிவகுமார் அண்ணன் கடையைத் திறந்துதான் வைத்திருந்தார். அதனால் பாதி ஷட்டரைப் பார்த்ததுமே, அக்கா இனி இல்லை என்று எனக்கு விளங்கிவிட்டது. உள்ளே அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன் சும்மா சூடாகிக்கொண்டிருந்தது.

"ஆபரேசன் நல்லா முடிஞ்சுதுன்னுதான் சொன்னாங்க அம்மணி. மத்தியானம் போன் வந்துருச்சு" என்றார்.

நான் போய் பிளக்கைப் பிடுங்கினேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அக்காவுக்கு முப்பத்தொன்பது வயது. பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர். ஆம்ப்ளிஃபயர்களைத் தன் கையாலேயே பொருத்தி விற்றார். புதிதாக வருகிறவர்கள் அவரைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, "ஏனுங்க, கடைக்காரர் இல்லீங்களா?" என்பார்கள். "இருக்கறாருங்க. அவர்தான் பேசறாருங்க" என்பார் அக்கா, சிரிக்காமல். எங்கள் வீடு கடைக்கு அடுத்த வீடு. அச்சடித்த எது கிடைத்தாலும் நான் படித்துவிடுவேன் என்பதால், கருவிகளோடு வரும் ஆங்கிலக் கையேடுகளைப் படித்துத் தமிழில் எழுதிக் கொடுப்பது ஒன்பதாம் வகுப்பிலிருந்து என் வேலையாகிவிட்டது.

போன வருடம், தொண்ணூற்றெட்டில், பீளமேட்டில் பம்புசெட் கம்பெனி வைத்திருக்கும் ஓர் அய்யா கடைக்கு வந்தார். தன் வீட்டு ஹாலில் தியேட்டர் மாதிரி சுற்றிலும் சத்தம் கேட்க வேண்டும், எது நல்லது என்று அக்காவே முடிவு செய்து பொருத்தித் தர வேண்டும் என்றார். அதுவரை அக்காவிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை.

"இத ஒழுங்காச் செஞ்சா அடுத்த ஊடு தானா வரும். தப்பாப் போச்சுன்னா, பொம்பளைக்கு என்ன தெரியும்னு ஒரே பேச்சுல முடிச்சுப்போடுவாங்க" என்றார் அக்கா.

எது நல்லது என்பதுதான் கேள்வி. படத்தின் சத்தத்தைப் பிரித்துச் சுற்றிலும் கேட்க வைக்க புரோ லாஜிக், ஏசி-3, டி.டி.எஸ். என்று மூன்று முறைகள் இருந்தன. கையேட்டைப் படித்தும் எனக்குப் பிடிபடவில்லை. அக்கா டிபன் கேரியரை வைத்து விளக்கினார். "புரோ லாஜிக்குன்னா, நாலு பதார்த்தத்த ரெண்டு டப்பாக்குள்ள கட்டி அனுப்பறாங்க. ஊட்டுக்கு வந்து நாம பிரிக்கோணும். எப்படிப் பிரிச்சாலும் பொரியல்ல கொஞ்சம் ரசம் ஒட்டத்தான் செய்யும். ஏசி-3ல ஒவ்வொண்ணுக்கும் தனி டப்பா. டி.டி.எஸ்.லயும் தனித்தனிதான், டப்பா இன்னும் பெருசு. ஆனா அதுல சாப்பாடு போட்டு வர்ற வட்டு நம்மூருல எங்கயும் கெடைக்காது."

படம் பதிந்த வட்டுகளையும் கருவிகளையும் சிங்கப்பூரிலிருந்து ஒருவர் கொண்டுவந்து கொடுத்தார். முதலில் கடைக்குப் பின்னால் இருந்த தன் வீட்டில் புரோ லாஜிக்கைப் பொருத்தி, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் கேட்டுப் பார்க்கத் தெருக்காரர்களை அக்கா அழைத்தார். என் அம்மா, எதிர்வீட்டுத் தனலட்சுமி அத்தை, ஸ்பீக்கருக்கு மரப்பெட்டி செய்து தரும் பஷீர் பாய், சூலூரிலிருந்து வந்திருந்த அத்தையின் மருமகன், நான். அக்கா எல்லோருக்கும் காப்பியும் முறுக்கும் கொடுத்தார். திரையில் மழை கொட்டியது, ஹெலிகாப்டர் பறந்தது.

"பின்னால சத்தம் எப்படி இருக்குதுங்க?"

"அருமைங்க. மழை முதுகு மேலயே பெய்யுதுங்க" என்றார் அத்தை.

"இந்த ஹெலிகாப்டரு, எங்க சூலூரு ஏர்ஃபோர்ஸ்ல கேக்கற மாதிரியே இருக்குதுங்க" என்றார் மருமகன்.

நான் கடைசி வரிசையில் இருந்தேன். பின்பக்கத்துப் பெட்டி என் தோளுக்கு அருகிலேயே இருந்தது. அதன்மேல் கை வைத்துப் பார்த்தேன். ஒரு அதிர்வும் இல்லை. இன்னொன்றும் அப்படியேதான். பின்னாலிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை. அக்கா என்னைப் பார்த்து, "நீ சொல்லு அம்மணி" என்றார். காப்பி கொடுத்தவர் ஆசையோடு கேட்கிறார். பெரியவர்கள் எல்லோரும் அருமை என்று சொல்லியாயிற்று. "நல்லா இருக்குதுங்க்கா" என்றேன். இதுதான் நான் சொன்ன பொய்.

அன்று இரவு எந்தப் புத்தகத்திலும் மனம் ஓடவில்லை. மறுநாள் காலை பள்ளிக்குப் போகும் முன் கடைக்குப் போய், "நேத்து பொய் சொல்லிட்டனுங்க்கா. பின்னால ஒண்ணுமே கேக்கல" என்றேன். அக்கா டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தார். பின்பக்கத்து வயர்கள் இரண்டும் ஆம்ப்ளிஃபயரில் மாட்டப்படாமலே தொங்கின. அவர் கோபித்துக்கொள்வார் என்று நின்றேன். அவரோ தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எல்லாரும் நெம்ப நல்லவீங்க கண்ணு. அவீங்கள நம்பித்தான் நான் இருந்தேன்" என்றார். பிறகு, அதுவரை தம்பிக்கு மட்டுமே தெரிந்திருந்ததை என்னிடம் சொன்னார். அவருடைய வலது காது ஒரு வருடமாகவே கேட்கவில்லை. "ஒத்தக் காதுல சத்தம் கேக்கும். எங்கிருந்து வருதுன்னு தெரியாது. எனக்கு எல்லாமே இடது பக்கந்தான். சுத்திலும் சத்தம் வெக்கறவளுக்கு வந்த காதப் பாரு."

அந்தக் காதுக்குப் பின்னால் ஒரு கட்டி வளர்கிறது என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

அடுத்த ஞாயிறு அக்கா புதிய சட்டம் போட்டார். ஒரு குறையாவது சொன்னால்தான் காப்பி. எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். விருந்தாளியாகப் போன வீட்டில் குறை சொல்வது எங்கள் பக்கத்தில் யாருக்கும் வராது. அம்மா சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தார். "எம் பெட்டியிலதான் கோளாறு இருக்கும் கலாம்மா" என்று பஷீர் பாய் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டார்.

"போன வாரம் காப்பில சக்கர கம்மிங்க. அதக் குறையா எடுத்துக்கலாமுங்களா?" என்றார் தனலட்சுமி அத்தை.

"எடுத்துக்க முடியாதுங்க. ஒக்காருங்க" என்றார் அக்கா.

அதற்கு மேல்தான் உண்மை வர ஆரம்பித்தது. ஒரே வட்டை முதலில் புரோ லாஜிக்கிலும் பிறகு ஏசி-3யிலும் போட்டார். ஒவ்வொரு முறையும் இரண்டின் சத்தத்தையும் மீட்டரால் அளந்து சமமாக்கினார். "சத்தம் எச்சா இருந்தா நல்லா இருக்கற மாதிரித் தோணும். அது காத ஏமாத்தற வேலை" என்பார். நான் நோட்டில் எழுதினேன். புரோ லாஜிக்கில் பின்னால் வரும் மழை போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறது, ஹெலிகாப்டர் முதுகுக்குப் பின்னால் ஒரே இடத்தில் நிற்கிறது. ஏசி-3யில் அது நம்மைச் சுற்றி வருகிறது. ஆனால் எல்லோர் வீட்டிலும் இருக்கும் தமிழ்ப் பட வி.சி.டி.யில் வருவது இரண்டு டப்பாதான் என்பதால் ஏசி-3க்கு வேலையே இல்லை, அங்கே புரோ லாஜிக்தான் கைகொடுக்கிறது. டி.டி.எஸ். வட்டு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மூன்று தடவை கேட்டேன். பேர் பெற்றது என்பதால் அதுதான் உயர்ந்தது என்று எழுதப் பேனாவைத் திறந்தேன்.

"கேட்டதச் சொல்லு அம்மணி. நெனச்சதச் சொல்லாத" என்றார் அக்கா.

"ஏசி-3க்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை" என்று எழுதினேன். அக்கா அந்த வரிக்குக் கீழே கோடு போட்டார்.

ஏசி-3, புரோ லாஜிக் இரண்டும் உள்ள கருவியை வைப்பதென்று முடிவாயிற்று. "சுத்தி வர்ற சத்தமெல்லாம் பொறகு. வசனம் புரியோணும் மொதல்ல" என்று சொல்லி, வசனம் வரும் நடுப்பெட்டிக்கு மட்டும் பஷீர் பாயிடம் மூன்று முறை மரம் மாற்றச் சொன்னார். ஆஸ்பத்திரியில் சேருவதற்கு முதல் நாள் பீளமேட்டுக்குப் போய் ஐந்து பெட்டிகளையும் பொருத்திவிட்டு வந்தார். எனக்கு அன்று அரையாண்டுத் தேர்வு. கூடப் போகவில்லை.

காரியமெல்லாம் முடிந்த அடுத்த ஞாயிறு, வேலையை ஒப்படைக்க சிவகுமார் அண்ணன் போனார். நானும் பஷீர் பாயும் கூடப் போனோம். அண்ணன் எல்லாப் பெட்டிகளையும் மீட்டரால் அளந்தார். ஒரு முள்கூட விலகவில்லை. வட்டைப் போட்டார். ஹெலிகாப்டர் முன்னால் இடமிருந்து வலமாகப் போனது. அடுத்து பின்பக்கம் வலதுக்கு வர வேண்டும். வரவில்லை. சடாரென்று குறுக்கே தாவி, பின்னால் இடது மூலையில் கேட்டது. பின்பக்கத்து வயர்கள் இரண்டும் இடம் மாறியிருந்தன. இரண்டிலும் சத்தம் சமம் என்பதால் மீட்டரில் அது தெரியாது. ஒற்றைக் காதிலும் தெரியாது.

"அருமைங்க. அந்தம்மா கைபட்ட வேலை, இப்பிடியே இருக்கட்டுமுங்க" என்றார் பீளமேட்டு அய்யா. அண்ணன் தலைகுனிந்து நின்றார். பஷீர் பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இறந்துபோனவர் கடைசியாகச் செய்த வேலையில் தவறு இருக்கிறது என்று, வேலை கொடுத்தவர் முன்னாலேயே சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுகூடத் தோன்றியது. ஆனால் அப்படியே விட்டால், அந்த வீட்டுக்கு வருகிற, விஷயம் தெரிந்த யாராவது ஒருவர் ஒருநாள் அதைக் கண்டுபிடிப்பார். அப்போது, பொம்பளைக்கு என்ன தெரியும் என்று அக்கா பயந்த அந்தப் பேச்சு வந்துவிடும்.

"பின்னாடி ரெண்டும் இடம் மாறியிருக்குதுங்க" என்றேன்.

அண்ணன் மெதுவாகப் பெட்டிக்குப் பின்னால் போய், வயர்களைக் கழற்றி மாற்றி மாட்டினார். மறுபடியும் போட்டார். ஹெலிகாப்டர் எங்களைச் சுற்றி ஒரு முழு வட்டம் போட்டுவிட்டு வந்தது. அய்யா தன் தலையையும் அதோடு சேர்த்துத் திருப்பிக்கொண்டே வந்தார்.

"எனக்கும் ஏதோ இடறுச்சுங்க. எப்பிடிச் சொல்றதுன்னுதான் இருந்தேன்" என்றார். பிறகு அண்ணனைப் பார்த்து, "அடுத்த வாரம் என்ற தம்பியக் கூட்டீட்டு உங்க கடைக்கு வாரனுங்க. அவனும் ஒண்ணு வெக்கோணுமுங்கறான். குறை சொல்றதுல கெட்டிக்காரனுங்க அவன்" என்றார்.

"அப்ப அவருக்குக் காப்பி உண்டுங்க" என்றார் அண்ணன். அக்கா போன பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அக்கா வயரை மாற்றி மாட்டியதை எழுத வேண்டுமா என்று நேற்று அண்ணனைக் கேட்டேன். "எழுது அம்மணி. ஒத்தக் காத வெச்சுக்கிட்டு மீதி எல்லாத்தையும் சரியாச் செஞ்சுதுன்னும் எழுது" என்றார். எழுதிவிட்டேன்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது, அவர் கோடு போட்ட அந்த ஒரு வரி. தெரியவில்லை என்பதைத் தெரியவில்லை என்று எழுதுவது எனக்கு இப்போது கூச்சமாக இல்லை.

அன்று பீளமேட்டில் வட்டை முதலிலிருந்து முழுதாகப் பார்க்க வேண்டும் என்றார் அய்யா. வீட்டிலிருந்தவர்கள் எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள். ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டார்கள். விளக்குகள் அணைக்கப்பட்டன.