முதலாவது வளைவில் சாச்சா

தொலைக்காட்சியில் தெரிவதெல்லாம் அந்த நிமிடத்தில்தான் நடக்கிறது என்று பத்து வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். வீடியோ கெசட் போட்டாலும் அப்படித்தான். நான் பட்டனை அழுத்தும் வரை இங்கிலாந்தில் நாலு வீரர்கள் எஞ்சினை முறுக்கியபடி எனக்காகக் காத்திருக்கிறார்கள் என்பது என் எண்ணம். இப்போது என் பிள்ளைகளிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், எங்கள் ஊரான கம்பளையில் பட்டப்பகலில் வாப்பா கடையைப் பூட்டிய கதையை அவர்களுக்கு இன்னும் சொல்லவில்லை.

சாச்சா, அதாவது வாப்பாவின் தம்பி, கணக்கியல் படிக்க இங்கிலாந்து போனவர். போன இடத்தில் ஸ்பீட்வே பைத்தியம் பிடித்துக்கொண்டது. பிரேக்கே இல்லாத மோட்டார் சைக்கிள்களில் நாலு பேர் மண் தடத்தில் நாலு சுற்று ஓடுவார்கள். இடப்பக்கம் மட்டும்தான் திரும்புவார்கள். வளைவில் பின்சில்லு வழுக்க, இடக்காலைத் தரையில் தேய்த்துக்கொண்டு மண்ணை வாரி இறைப்பார்கள். முதலில் வருபவருக்கு மூன்று புள்ளி, அடுத்தவருக்கு இரண்டு, மூன்றாமவருக்கு ஒன்று, கடைசி ஆளுக்கு மண். சாச்சா படிப்பை விட்டுவிட்டு டயர் தொழிற்சாலையில் இரவு வேலைக்குச் சேர்ந்தார். தன் ஊர் அணியின் போட்டிகளை மட்டும் விடவில்லை.

"பிரேக் இல்லாத சைக்கிளுக்குப் பின்னால ஓடுற பிரேக் இல்லாதவன்" என்றார் வாப்பா. அதோடு தம்பியுடன் பேச்சை நிறுத்தினார். இரண்டு வருடம் ஓடிவிட்டது.

ஊருக்கு வரும் யாரிடமாவது சாச்சா எனக்குக் கெசட் கொடுத்தனுப்புவார். அது வாப்பாவின் புடவைக் கடைக்கு வந்துசேரும். வாப்பா அதைப் பல்லி விழுந்த பண்டம் போல இரண்டு விரலால் தூக்கி என்னிடம் தருவார். படம் ஓடும்போது முன்னறைக்கு வரமாட்டார். ஆனால் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று, "எத்தனையாம்?" என்பார். யார் வென்றது என்று கேட்டால் கோபத்துக்கு மரியாதை போய்விடுமல்லவா?

அந்த லீக் பருவம் முழுவதையும் இப்படித்தான் பார்த்தேன். தொடக்கத்தில் எங்கள் அணி (ஆமாம், எங்கள் அணிதான்) பட்டியலின் அடியில் கிடந்தது. ஒவ்வொரு போட்டிக்கும் முன்னால் துஆக் கேட்டேன். மெல்ல மெல்ல மேலே வந்தது. அதில் என் பங்கு என்ன என்று அந்த வீரர்கள் ஒருநாளும் அறியமாட்டார்கள். கடைசிப் போட்டியை வென்றால் கிண்ணம்.

அந்தக் கெசட்டை விடுமுறைப் பிற்பகலொன்றில் போட்டேன். படம் எடுப்பவர் சாச்சாவின் கூட்டாளி. வழக்கம்போல முதலில் சாச்சாவைக் காட்டினார். முதலாவது வளைவில் வேலியோடு ஒட்டி நின்று, உம்மா பின்னி அனுப்பிய பச்சைத் தொப்பியோடு கையை ஆட்டினார். மண் தெறிப்பது அங்கேதான் அதிகமாம். அதற்காகவே அங்கே நிற்பார்.

கடைசி ஓட்டத்துக்கு வரும்போது எங்கள் அணி ஒரு புள்ளி பின்னால். தொடக்கக் கயிறு எழும்பியது. எங்கள் சிவப்புத் தலைக்கவசக்காரர் முதலாவது வளைவில் இடுக்கில் நுழையப் பார்த்தார். பின்சில்லு பிடிக்கவில்லை. மோட்டார் சைக்கிள் எழும்பி, வேலியை நோக்கி, நேராகப் பச்சைத் தொப்பியை நோக்கி...

கரண்ட் போய்விட்டது.

"உம்மா! சாச்சாவ மோட்டார் சைக்கிள் அடிச்சிட்டு!"

உம்மா குசினியிலிருந்து அகப்பையோடு ஓடிவந்தார். "எங்கடா?"

"முதலாவது வளைவில!"

உம்மாவுக்கு அது போதுமாக இருந்தது. எந்த வளைவு, யார் சொன்னது என்று ஒன்றும் கேளாமல் அழத் தொடங்கினார். எங்கள் வீட்டு அழுகைக்கும் பிரேக் கிடையாது. நான் ஒரு காலில் மட்டும் செருப்போடு கடைக்குப் பறந்தேன். வாப்பா யாருக்கோ சீத்தைத் துணி அளந்துகொண்டிருந்தார்.

"வாப்பா! சாச்சா மவுத்தாகிட்டாரு!"

"யாரு சொன்ன?"

"டீவியில காட்டின!"

வாப்பா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அளவுகோலைக் கீழே வைத்தார். வாங்க வந்த மனுஷியைப் போகச் சொல்லி, கடைக் கதவை இழுத்துப் பூட்டினார்.

"நடடா" என்றார். ஆனால் நடக்கவில்லை, சாரனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் ஓடினார். நான் பின்னால் இழுபட்டேன்.

டெலிபோன் பேசும் கடையில் முதலாளி நம்பர் கேட்டார். அந்த நீளமான இங்கிலாந்து நம்பரை வாப்பா எதையும் பார்க்காமல் ஓதுவது போல ஒப்புவித்தார்.

"யாரா? நான்தான்."

பிறகு ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டார். மரணச் செய்தியைத்தான் கேட்கிறார் என்று நான் விம்மத் தொடங்கினேன்.

"சொகமா ஈக்கியா?" என்றார் வாப்பா. "சாப்பிட்டயா?" என்றார். பின்பு எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, குரலைத் தாழ்த்தி, "எத்தனை?" என்றார்.

நான் அலறிய கதையையும் சொல்லி என் கைக்கு ரிசீவரைத் தந்தபோது அது வாப்பாவின் வியர்வையில் நனைந்திருந்தது.

"மகன், நைட் வேல முடிஞ்சி இப்பதான் படுத்த" என்றார் சாச்சா. "அதுக்குள்ள என்ன மவுத்தாக்கிட்டியா?"

"தொப்பி?"

"தொப்பியில மண் பட்ட. வேற ஒண்டுமில்ல."

வீட்டுக்குத் திரும்பினால் பக்கத்து வீட்டு மாமி சீனிப் பொதியோடு துக்கம் விசாரிக்க வந்திருந்தார். செய்தி நல்லது என்று தெரிந்ததும் அல்ஹம்துலில்லாஹ் சொல்லி, சீனியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்.

அதன் பிறகு வாப்பா மாதாமாதம் அந்தக் கடைக்குப் போய் தம்பியோடு பேசினார். என் அலறல்தான் இரண்டு பேரையும் சேர்த்து வைத்தது என்று பல காலம் மார்தட்டிக்கொண்டேன்.

நடந்தது இதுதான். மோட்டார் சைக்கிள் வேலியில் மோதித் தடத்திலேயே விழுந்தது. வீரர் எழுந்து மண்ணைத் தட்டினார். நால்வரையும் திரும்ப ஓடவிட்டார்கள்; எங்கள் அணி ஒரு புள்ளியால் வென்றது. அதெல்லாம் முந்தின ஐப்பசியில். எனக்குக் கெசட் கிடைத்தது சித்திரையில். அதைக் கொண்டுவந்தவர் சாச்சாவோடு ஒன்றாகச் சாப்பிட்டுவிட்டு விமானம் ஏறியவர். ஆள் நல்ல சுகம் என்று கடையில் தேத்தண்ணி குடித்தபடி வாப்பாவிடம் அவர் சொன்னது, நான் அலறிக்கொண்டு ஓடியதற்கு முந்தின நாள். நானும் பக்கத்தில்தான் நின்றேன்.