எண்ணெய்த் தலைகளோடு இடம் தேடிய வண்டி

போன வாரம் தென்காசியிலிருந்து செங்கோட்டை போகும் சாலையில், நான் வழக்கமாக உட்காரும் டீக்கடை முன்னால் வீடு மாதிரி ஒரு வண்டி வந்து நின்றது. ஜன்னலுக்குத் திரை, கூரையில் ஏசி, பின்பக்கம் ஏணி. உள்ளே படுக்கை, அடுப்பு, கக்கூஸ் வரைக்கும் இருக்கிறதாம். அரைக்கால் சட்டை போட்ட ஓர் இளைஞர் இறங்கி வந்து, போனைப் பார்த்தபடியே, பிள்ளைகளோடு மலையடிவாரத்தில் தங்க எது நல்ல இடம் என்று என்னிடம் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே வாசிக்க ஆரம்பித்துவிட்டார். ஓரிடத்தில் சறுக்கு மரம், ஓரிடத்தில் கயிற்றுப் பாலம், ஓரிடத்தில் முயல் கூண்டு. எதற்கு எத்தனை நட்சத்திரம் என்றும் அதில் போட்டிருந்தது. “அந்தக் காலத்துல இதெல்லாம் ஏது, பிள்ளைகள எவன் யோசிச்சான்” என்று சிரித்துக்கொண்டே டீயை முடித்துவிட்டுப் போய்விட்டார்.

அந்தப் பேச்சுதான் எனக்குச் செரிக்கவில்லை. அந்தக் காலம் பொற்காலம் என்று பாடுகிற கூட்டத்தில் நான் இல்லை. அந்தக் காலத்தில் நான் லாரிக்கு அடியில் படுத்துத் தூங்கியவன். மழைத் தண்ணீர் ஓடி வந்து முதுகைத் தொட்டால் எழுந்து உட்கார்ந்துகொள்வேன், வடிந்ததும் மறுபடி படுப்பேன். ஆனாலும் பிள்ளைகளை எவனும் யோசிக்கவில்லை என்று சொன்னால் ஒப்புக்கொள்ள முடியாது. ஒரே ஒரு பிள்ளையை யோசித்து, ஒரு முழு வண்டியையும் அரைநாள் எங்கேயும் இறங்கவிடாமல் சுற்றவைத்த ஒருத்தியை எனக்குத் தெரியும். அந்த வண்டியை ஓட்டியவன் நான்.

அந்த வீட்டு வண்டியின் கதவு மூடும்போது சோப்பு வாசனை வந்தது. எங்கள் வண்டியில் நல்லெண்ணெய் வாசனை. அதோடு ஈரத் தார்ப்பாய், டீசல், கருவாடு. இன்றைக்கும் எங்கேயாவது நல்லெண்ணெய் காய்ந்தால் எனக்குத் தாளிப்பு நினைவு வராது, கியர் போடத்தான் கை போகும்.

நான் அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். பள்ளிக்கூடமும் என்னை விட்டுவிட்டது, இரண்டு பேருக்கும் வருத்தமில்லை. கொல்லத்தில் அண்டிப்பருப்பு, அதாவது முந்திரி, உடைக்கிற இடத்தில் கொஞ்ச நாள், செங்கோட்டையில் மரம் அடுக்கிவைக்கும் கிட்டங்கியில் கொஞ்ச நாள். அங்கே மரம் ஏற்றும் லாரியில் ஓட்டப் பழகிக்கொண்டு, அறுபதுகளின் தொடக்கத்தில் தென்காசி முதலாளி ஒருவரிடம் வந்து சேர்ந்தேன். அவர் ராணுவம் கழித்த ஒரு வேனை ஏலத்தில் எடுத்து, உள்ளே இரண்டு பக்கமும் பெட்டி வைத்த பலகைகள் அடித்திருந்தார். பகலில் உட்காரலாம், ராத்திரி நடுவில் இன்னொரு பலகையைப் போட்டால் படுக்கலாம். அரிசி, சட்டி பானை, விறகு எல்லாம் பலகைக்கு அடியில். குற்றாலம் சீசனுக்கு வருகிற குடும்பங்கள் ரயிலில் வந்து தென்காசியில் இறங்கி இந்த வேனை எடுத்துக்கொள்ளும். பிடித்த இடத்தில் நிறுத்தி, பக்கத்தில் தார்ப்பாய் கட்டி, கல் கூட்டிச் சமைத்து, சாரல் தீரும் மட்டும் தங்குவார்கள். இந்த வண்டிகளுக்கு இப்போது இங்கிலீஷில் என்னென்னவோ பேர் இருக்கிறது. எங்களுக்கு அது வேன்தான்.

அந்த வருஷம் வந்தது சாத்தான்குளம் பக்கத்து மளிகைக்கடைக் குடும்பம். குடும்பத்துப் பெரியவரை எல்லாரும் அண்ணாச்சி என்றே கூப்பிட்டார்கள். அவர், அவர் சம்சாரம், அவர்கள் பிள்ளைகள் ஒரு கூட்டம். கூடவே தம்பி பெண்டாட்டி சொர்ணமும் அவளுடைய மகள் எஸ்தரும். தம்பி கொழும்பில் கடையில் இருந்தார். எஸ்தருக்கு ஏழெட்டு வயது இருக்கும். சின்னதில் வந்த காய்ச்சலில் இரண்டு காலும் சூம்பிப்போய்விட்டன. கையை ஊன்றி இடுப்பால் நகர்வாள். வாய் மட்டும் நாலு பேருக்குச் சமம். வண்டியைப் பார்த்ததும் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை, “மாமா, இது ஓடுமா, இல்ல நாங்கதான் தள்ளணுமா?”

அண்ணாச்சிக்கு ஊரில் யாரோ ஒரு யோசனை சொல்லி அனுப்பியிருந்தார்கள். அருவிக்கரையில் எண்ணெய் தேய்க்க உட்கார்ந்தால் நேரம் போகும், தென்காசியிலேயே தேய்த்துவிட்டால் குற்றாலம் போய்ச் சேருவதற்குள் ஊறிவிடும், நேரே அருவிக்குள் நுழையலாம் என்று. அதனால் எங்கள் முதலாளியின் கிட்டங்கிக் கிணற்றடியில் குடும்பம் முழுவதும் வரிசையாக நின்று உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் பூசிக்கொண்டது. இடம் இன்னும் பார்க்கவே இல்லை. எஸ்தர் முறை வந்தபோது அண்ணாச்சி, “அவளுக்கு எதுக்கு, அவ வண்டியிலதான இருக்கப்போறா” என்றார். சொர்ணம் குழிந்த கை நிறைய எண்ணெயை ஊற்றி மகள் உச்சியில் அறைந்து தேய்த்தாள். மற்ற பிள்ளைகளுக்கு வடிந்ததைவிட அவளுக்கு அதிகமாக வடிந்தது.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. எண்ணெய் தேய்த்த பிள்ளையைக் குளிப்பாட்டாமல் வைக்கக் கூடாது, சன்னிக் காய்ச்சல் கண்டுவிடும் என்பார்கள். அண்ணாச்சிக்கும் இது தெரியும். அவருக்குத் தெரியும் என்பது சொர்ணத்துக்கும் தெரியும்.

பேரருவிப் பக்கம் ஒரு மரத்தடியில் முதலில் நிறுத்தினேன். அண்ணாச்சி ஊரிலேயே முடிவு செய்த இடம் அது. பேரருவிக்குப் பக்கத்திலேயே தங்கினோம் என்று கடையில் உட்கார்ந்து வருஷம் முழுக்கச் சொல்லலாம். குரங்குகள் எங்களுக்கு முன்பே வண்டிக்கூரையில் ஏறிவிட்டன. அருவிக்குப் போகிற வழியில் படி, வழுக்குப் பாறை, ஒருவர் தோளில் ஒருவர் விழும் கூட்டம். சொர்ணம் பலகையை விட்டு எழுந்திருக்கவில்லை. அந்தப் பலகைக்கு அடியில்தான் அரிசியும் பாத்திரமும், எண்ணெய் போக்க வேண்டிய சீயக்காயும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த வீட்டில் தம்பி பெண்டாட்டி, புருஷனுடைய அண்ணன் முகம் பார்த்துப் பேச மாட்டாள். ஆகவே அவள் பேசியதெல்லாம் என் முதுகோடு. என் பக்கத்து சீட்டில்தான் அவர் இருந்தார்.

“டிரைவரண்ணாச்சி, இங்கன எம்மவ தண்ணிக்கு எப்படிப் போவா?”

அவரும் என்னிடமே பதில் சொன்னார். “நாலு செம்பு மோந்து வந்து ஊத்தச் சொல்லும்.”

“செம்புத் தண்ணி ஊர்லயே இருக்கு. அதுக்கு ரயிலேறி வரணுமா?”

நடுவில் நான் எதற்கு என்று எனக்கே தெரியவில்லை. தபால் பெட்டி மாதிரி உட்கார்ந்திருந்தேன். அண்ணாச்சி கொஞ்ச நேரம் வழுக்கை வரை சிவந்துவிட்டு, சரி, ஐந்தருவிக்கு விடும் என்றார்.

எண்ணெய் பூசிய பிள்ளைகளை வைத்துக்கொண்டு மலையடிவாரத்து வளைவுகளில் வண்டி ஓட்டியிருக்கிறீர்களா? பலகையில் ஒருத்தரும் நிலையாக உட்கார முடியாது. இடது வளைவில் எல்லாரும் வலது மூலையில் போய்க் குவிவார்கள், வலது வளைவில் இடது மூலையில். அண்ணாச்சி சம்சாரம் ஒரு கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கர்த்தாவே கர்த்தாவே என்று வந்தார். ஐந்தருவியிலும் பாறையும் பாசியும்தான். புலியருவி சின்னது, பிள்ளைகளுக்கு ஏற்றது என்று எல்லாரும் சொல்வார்கள். அங்கே சொர்ணம் பாதி எழுந்துகூட விட்டாள். ஆனால் வண்டி நிற்கும் இடத்திலிருந்து கல்லும் முள்ளுமாக நடை. அண்ணாச்சியின் மூத்த மகன் தங்கமான பையன், தூக்கிக்கொண்டு போகிறேன் என்று முன்னால் வந்தான்.

எஸ்தர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். “தூக்கிட்டுப் போவாண்டாம். ஊர்ல கோயிலுக்குத் தூக்கிட்டுப் போறிய, கலியாணத்துக்குத் தூக்கிட்டுப் போறிய. இங்கனயாவது நானே போவுதேன்.”

சொர்ணம் மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

மணி மதியத்தைத் தாண்டியது. எண்ணெய் கண்ணில் இறங்கி எல்லார் கண்ணும் சிவந்திருந்தது. அந்தத் தலையோடு ஒரு கடைக்குள் போக முடியாது, ஒரு வீட்டு வாசலில் நிற்க முடியாது. சமைக்கலாமென்றால் பாத்திரத்தின் மேல் அவள் உட்கார்ந்திருக்கிறாள். இந்தக் குடும்பத்தில் இப்படி ஒரு வம்பு பிடித்தவளா என்று அண்ணாச்சி என்னிடம் கேட்டார். அவள் கேட்கட்டும் என்றுதான் கேட்டார். அவள் புருஷனுக்குக் கடிதம் எழுதப் போவதாகவும் சொன்னார். பின்னால் அவள் சேலைத் தலைப்பால் மகள் கண்ணில் இறங்கிய எண்ணெயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கொழும்பிலிருந்து பதில் வரும்வரை வேண்டுமானாலும் அப்படியே உட்கார்ந்திருப்பாள் என்று எனக்குத் தோன்றியது. வயிறு பசித்தது, ஆனாலும் சொல்கிறேன், எனக்கு அவள் ஜெயிக்க வேண்டும் போல இருந்தது. நானும், போகிற இடத்தை மற்றவர்களே முடிவு செய்த வீட்டிலிருந்து ஓடி வந்தவன்தான். அது வேறு கதை.

வடகரைப் பக்கம் வேறு இடம் இருக்கிறதா என்று பார்க்கப் போகும்போது ரேடியேட்டர் கொதித்து ஆவி கிளம்பியது. சாலையோரம் தென்னந்தோப்பு, அதை ஒட்டி மலையிலிருந்து வரும் வாய்க்கால். டின்னை எடுத்துக்கொண்டு தண்ணீர் மொள்ள இறங்கினேன். எருமைகள் ஏறி இறங்கி ஏறி இறங்கி அந்தக் கரை ஒரு பக்கம் முழுக்கத் தேய்ந்து, பாய் விரித்த மாதிரி சரிவாகக் கிடந்தது. மணலும் சிறு கூழாங்கல்லும். தண்ணீர் கண்ணாடி மாதிரி, நடுவிலும் முழங்காலுக்கு மேல் இல்லை. சாரல் மட்டும் தோப்பின் மேல் புகை மாதிரி வந்து வந்து போனது.

திரும்பிப் பார்த்தால் சொர்ணம் பலகையை விட்டு எழுந்து, மகளைத் தரையில் இறக்கிவிட்டு நிற்கிறாள்.

“மாடு குளிக்கிற எடத்துலயா எங் குடும்பம் எறங்கணும்?” என்றார் அண்ணாச்சி, என்னைப் பார்த்து.

“மாடு எறங்குனா எம் பிள்ளையும் எறங்கும்னு சொல்லுங்க” என்றாள் அவள், என்னைப் பார்த்து.

எஸ்தர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. கையை ஊன்றி, ஊன்றி, சரிவில் இறங்கிக்கொண்டிருந்தாள். பாவாடை மண்ணாகியது. அண்ணாச்சி சம்சாரம் ஓடிப் பிடிக்கப் போனார், சொர்ணம் குறுக்கே கையை நீட்டித் தடுத்தாள். தண்ணீர் முதலில் கைவிரலைத் தொட்டது, பிறகு மடியை, பிறகு இடுப்பை. பிள்ளை நெஞ்சளவு தண்ணீரில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் அள்ளி எண்ணெய்த் தலையில் ஊற்றிக்கொண்டாள். பிறகு கரையைத் திரும்பிப் பார்த்து, “ஏலே, என்ன பாத்துட்டு நிக்கிய, ஒங்களத் தூக்கிட்டு வரணுமோ?” என்றாள்.

வண்டி காலியாகிவிட்டது. எண்ணெய்ப் பிள்ளைகள் சரிவில் வழுக்கிக்கொண்டே போய்த் தண்ணீரில் விழுந்தார்கள். அண்ணாச்சி சம்சாரமும் சேலையைச் செருகிக்கொண்டு சீயக்காய்ச் சட்டியோடு இறங்கிவிட்டார். முன் சீட்டில் அண்ணாச்சி மட்டும் தனியாக, தலையிலிருந்து எண்ணெய் வடிய, மலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

சொர்ணம் என்னிடம் வரவில்லை. நேரே அவர் பக்கத்துக் கதவருகே போய் நின்றாள்.

“அத்தான், எறங்குங்க. எண்ணெ தேச்சு எம்புட்டு நேரமாச்சு. ஒங்களுக்கும் சன்னி கண்டுரும்.”

அவர் என்னைத்தான் பார்த்தார். நான்தான் பேசினேனோ என்கிற மாதிரி. பிறகு மெல்லக் கதவைத் திறந்து இறங்கினார். சாயங்காலம் சைக்கிளில் போன யாரோ இங்கே ஏன் தங்கியிருக்கிறீர்கள் என்று விசாரித்தபோது, பிள்ளைகளுக்கு ஏத்த இடமாகப் பார்த்துப் பார்த்துப் பிடித்தோம் என்று அவரே பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்தடுத்து சில சீசன்களில் அந்தக் குடும்பம் வந்தது, நேரே அந்த எருமைக்கரைக்குத்தான். பிறகு எஸ்தரும் சொர்ணமும் கொழும்புக்குப் போய்விட்டதாகக் கேள்வி. வேன் இரும்புக்குப் போனது, நான் வேறு வேறு ஊர்களுக்குப் போனேன். பல வருஷம் கழித்து நான் திரும்பி வந்தபோது அந்த வாய்க்காலுக்குச் சிமெண்டுச் சுவர் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். வேலை பார்க்கும் என்ஜினீயரிடம் போய், இந்த ஒரு இடத்தில் மட்டும் சரிவாக விடுங்கள் என்று கேட்டேன். மாட்டுக்கா, இப்போது எவன் மாடு வைத்திருக்கிறான் என்றார். மாட்டுக்கு இல்லை என்றேன். வேறு யாருக்கு என்று கேட்டார். சொன்னேன். அப்படி ஒரு பிள்ளை இந்த ஊரில் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறதோ இல்லையோ, வரும், நீங்கள் விடுங்கள் என்றேன். பெரியவரே, வெயிலில் நிற்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குச் செங்குத்துச் சுவர். தண்ணீர் முன்னைவிட நேராக, வேகமாகப் போகிறது. வயலுக்கு நல்லது என்கிறார்கள், இருக்கட்டும். கையை ஊன்றி வருகிற ஒரு பிள்ளை அந்தத் தண்ணீரைத் தொட இனி யாராவது தூக்கிக்கொண்டுதான் இறங்க வேண்டும்.