வலிக்காத கடி

அண்ணையைக் கடற்பாம்பு கடித்தது விடியற்காலையில், வலையிலிருந்து மீன் கழற்றும்போது. சுட்டுவிரலில் முள்ளுக் குத்தியதுபோல இரண்டு சின்னப் புள்ளிகள். பாம்பை வாலில் பிடித்துக் கடலுக்குள் எறிந்துவிட்டு, மிச்ச மீனையும் கழற்றி முடித்து, குருநகரில் கரைக்கு வந்து தேத்தண்ணீர் குடிக்கும்போதுதான் பேச்சோடு பேச்சாக அதைச் சொன்னார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போனவன் நான் மட்டும். அந்த வருடம் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தேன். கடற்பாம்பு கடித்தால் நோகாது, வீங்காது; சில மணி நேரத்துக்குப் பிறகுதான் தசைகள் இறுகும், சிறுநீர் கறுக்கும். அண்ணை நோகவில்லை என்று சொன்னதுதான் என்னைப் பயப்படுத்தியது.

அவரைச் சைக்கிள் பாரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு மிதித்தேன். வழியில் தெரிந்தவர்களுக்கெல்லாம் கை காட்டிக்கொண்டே வந்தார். "தம்பி என்னை விக்கக் கொண்டுபோறான்."

அவசரமாக வருகிறவர்களைப் பார்க்கும் அறையில் ஒரு கட்டிலும் ஆட்கள் இருக்க ஒரு நீள வாங்கும் இருந்தன. எனக்கு மூச்சு வாங்கியது. அற்றெண்டன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஆருக்கு வருத்தம்? உமக்கோ, இவருக்கோ?"

டொக்டர் விரலைப் பார்த்தார். பாம்பின் வால் எப்படி என்று கேட்டார். "துடுப்புமாதிரித் தட்டை" என்றார் அண்ணை. பின்னேரம் வரை அசையாமல் படுக்கவேண்டும், சிறுநீரைப் போத்தலில் எடுத்துக் காட்டவேண்டும் என்று சொல்லிவிட்டு, வாங்கில் கை முறிந்து இருந்தவரிடம் டொக்டர் போனார்.

அண்ணை கட்டிலால் இறங்கிச் சாரத்தை இறுக்கிக் கட்டினார். "நோகேல்லை, வீங்கேல்லை. வலை வள்ளத்துக்கை கிடக்கு. வா போவம்."

"நோகாட்டித்தான் அண்ணை பயம். புத்தகத்திலை இருக்கு."

"உந்தப் புத்தகம் எழுதினவனைப் பாம்பு கடிச்சதோ?"

டொக்டர் எழுதித் தந்த துண்டுச்சீட்டின் பின்பக்கத்தில் சிறுநீரகத்தை வரைந்து, நஞ்சு போகும் வழியை அம்புக்குறி போட்டுக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். "வடிவாச் சொல்லுறாய். மிச்சத்தைப் பின்னேரம் கேக்கிறன்" என்று வாசலுக்கு நடந்தார்.

வாசலில் அவருடைய மனைவி, என் மச்சாள், சுவாமியாரோடு நின்றார். செய்தி கேட்டதும் மச்சாள் முதலில் ஓடியது கோயிலுக்கு. எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கர் அப்படித்தான். டொக்டர் பிந்தலாம், சுவாமியார் பிந்தக்கூடாது. சாகக் கிடக்கிறவருக்கு உயிர் இருக்கும்போதே கடைசி எண்ணெயை, அவஸ்தையை, பூசிவிடவேண்டும்.

எண்ணெய்ச் சிமிழைக் கண்டதும்தான் அண்ணையின் முகம் மாறியது.

"எனக்கு ஒண்டுமில்லை, சுவாமி."

சுவாமியார் என்னைப் பார்த்தார். டொக்டர் சொன்னதைச் சொன்னேன். அவர் தலையாட்டினார்.

"நல்லது. வீட்டை போறதெண்டால் உதிலை இரு, இப்பவே பூசிவிடுறன். கட்டிலிலை படுக்கிறதெண்டால் எண்ணெயைத் திருப்பிக் கொண்டுபோறன். உனக்கு எது வசதி?"

அண்ணை திரும்பி வந்து கட்டிலில் ஏறி, போர்வையை நாடி வரைக்கும் இழுத்துக்கொண்டார். மச்சாள் கண்ணைத் துடைத்தார். "மீனை எங்கை வைச்சனீங்கள்?"

பத்து மணிபோல் அவருக்குக் கழுத்துப் பிடித்தது. பிறகு தொடை, பிறகு தாடை. தாதி மிஸி சேலைன் ஏற்றினார். மத்தியானம் போத்தலில் விழுந்தது பால் விடாத தேத்தண்ணீர் நிறத்தில் இருந்தது. அண்ணை அதை வெகுநேரம் பார்த்தார். பல்லைத் திறக்க முடியாமல் மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, உது உன்ரை புத்தகத்திலை இருக்கோ?"

"ஓம் அண்ணை."

"பிறகு என்ன எழுதிக் கிடக்கு?"

புத்தகத்தில் அந்தப் பந்தி அதோடு முடிந்துவிடும். அடுத்தது ஆமை.

"நாலாம் நாள் தெளியும் எண்டு இருக்கு" என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

ஐந்தாம் நாள் காலையில் தெளிந்தது. அண்ணை போத்தலைத் தானே தூக்கி யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஒரு நாள் பிந்திப்போச்சு. எழுதினவனுக்குச் சொல்லிவிடு."