புஸ்தகத்தில் இல்லாத குண்டு

1. ரூமைக் காலி செய்தார்கள்

நான் ரிடையராக நாலு மாதம் இருந்தபோது, ஒரு கைக்குண்டுக்காக எங்களையெல்லாம் வராந்தாவுக்குத் துரத்தினார்கள்.

புனேவில் ஒரு ஆர்டனன்ஸ் ஃபேக்டரியில் பெயிண்ட் செக்‌ஷனில் வேலை. தளேகாவிலிருந்து லோக்கல் ரயிலில் வருவேன். படிப்பு ஒண்ணாங்கிளாஸ், அதிலும் பாதி. ஸ்டென்சிலைத் தலைகீழாகப் பிடித்தாலும் எனக்கு ஒன்றுதான். கலர் மட்டும் தெரியும். வெள்ளை என்றால் பயிற்சிக் குண்டு. சிவப்பு வளையம் என்றால் வெடிமருந்து நிரப்பியது. அந்தப் படிப்பு போதுமாக இருந்தது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, பழைய சாமான்களைச் சேர்த்து ஒரு டிஸ்ப்ளே ரூம் போட்டார்கள். பொறுப்பு ஜோஷி சாஹேபுக்கு, பெயிண்ட் வேலை எங்களுக்கு. ஸ்டோர் கீப்பர் ஷிண்டே ஏதோ ஒரு அலமாரியிலிருந்து ஒரு பயிற்சிக் குண்டைக் கொண்டு வந்து, ‘காலி’ என்று சீட்டில் கையெழுத்தும் போட்டுவிட்டார். ஜோஷி சாஹேப் தூசி துடைத்தார். வெள்ளை உடம்பில் சிவப்பாக ஒரு வட்டம். உடனே ஃபோட்டோ எடுத்தார்.

“அரே வா! எந்தப் புஸ்தகத்துலயும் இல்லாத டைப். ரேர் பீஸ்!” என்று குதித்தார்.

சேஃப்டி ஆபீசர் ராகவன் சார் குதிக்கவில்லை. அவர் ஆவடியிலிருந்து மாற்றலாகி வந்தவர். “செவப்பு இருந்தா ஃபில்டுனு அர்த்தம். எல்லாரும் வெளிய போங்க. ஃபயரிங் ரேஞ்சுக்குக் கொண்டுபோய் வெடிச்சுடலாம்” என்றார். பிறகு ஷிண்டேவைப் பார்த்து, “இதையா காலின்னு எழுதிக் குடுத்தீங்க? சார்ஜ் ஷீட் வரும்.”

ஷிண்டே வராந்தாவில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். “மௌஷி, மாஜி நோக்ரி கேலி” என்றார். சித்தி, என் வேலை போச்சு என்கிறார். ஐம்பது வயதில் வேறு எங்கே போவார்?

2. என் பங்கு

தொண்ணூறுகளில் ஒரு கண்டே நவமி. அதாவது நம் ஆயுத பூஜை. மெஷினுக்கெல்லாம் மஞ்சள் குங்குமம் வைத்தோம். பார்த்துப் பெயிண்ட் அடிப்பதற்காக எங்கள் மேஜையில் ஒரு வெள்ளைச் சாம்பிள் குண்டு இருக்கும். அதற்கும் குங்குமம் வைத்தேன். எனாமல் வழவழப்பில் நிற்கவில்லை. மூன்று தடவை வைத்தேன், மூன்று தடவையும் உதிர்ந்தது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பக்கத்தில் சிவப்புப் பெயிண்ட் டப்பா. மோதிர விரலை முக்கி ஒரு பொட்டு வைத்தேன்.

மறுநாள் தின்னர் போட்டுத் துடைக்கலாம் என்றிருந்தேன். மறுநாள் புது சாம்பிள் வந்தது, பழையது அலமாரிக்குள் போனது. நானும் மறந்தேன்.

இப்போது வாயைத் திறந்தால் சார்ஜ் ஷீட் எனக்கு. ரிடையர்மென்ட் பேப்பர் அப்படியே நின்றுவிடும். திறக்காவிட்டால் ஷிண்டேவுக்கு. அரை கிளாஸ் கட்டிங் சாய் குடிக்கிற நேரம் யோசித்தேன். சாயும் நன்றாக இல்லை.

3. விரல்

“சார், அது ரேர் பீஸ் இல்ல. நான் வெச்ச பொட்டு.”

ராகவன் சார் முறைத்தார். “ஏம்மா, வெளையாடுறியா?”

“குண்டோட எவ சார் வெளையாடுவா? பூஜைக்கு வெச்சேன்.”

“ஷிண்டேவைக் காப்பாத்த வந்துட்டியா? என்ன ப்ரூஃப்?”

வலது மோதிர விரலை நீட்டினேன். சின்ன வயதில் டப்பா மூடி கிழித்து, நுனியில் குறுக்கே ஒரு தழும்பு. “பொட்டு நடுவுல இந்தக் கோடு இல்லேன்னா, குண்டோட என்னையும் ரேஞ்சுக்கு அனுப்பிடுங்க.”

ஜோஷி சாஹேப் எடுத்த ஃபோட்டோவைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கினார்கள். கோடு இருந்தது.

“ரெஜிஸ்டர்ல கைநாட்டு வைக்கிறது பத்தாதுன்னு இங்கயும் வெச்சியா?” என்றார் ராகவன் சார்.

“அது கட்டை வெரல் சார். சாமிக்கு மோதிர வெரல்தான்.”

அப்படியும் அவர் என்னை நம்பிவிடவில்லை. நல்ல ஆபீசர். எக்ஸ்ரே எடுத்து, உள்ளே காலி என்று பார்த்த பிறகுதான் ஷிண்டேவை விட்டார். எனக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை வந்தது. அதை வாசித்துக் காட்டியவர் ஷிண்டேதான். நிறுத்தி நிதானமாக, இரண்டு தடவை வாசித்தார். பேப்பர் நிற்கவில்லை, சொன்ன தேதியில் ரிடையரானேன்.

ஜோஷி சாஹேப் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். மூன்றாம் நாள் குண்டைப் பொட்டோடு கண்ணாடி அலமாரியில் வைத்தார். “சாதா பீஸ்தான். ஆனா இந்த மாதிரி வேற எங்கயும் கிடைக்காதே” என்றார்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். கலரைப் பார்த்து ஆட்கள் ஓடுகிற இடத்தில், சாமிக்கென்றாலும் பெயிண்டைத் தொடாதீர்கள். குங்குமமே வையுங்கள். உதிர்ந்தால் உதிரட்டும்.