அற்புதம் அத்தை பார்த்த பட்டணம்

இன்று காலை காற்று மணலிப் பக்கமிருந்து வீசியது. திருவொற்றியூரில் குடியிருப்பவர்களுக்கு அதை ஒருவர் வந்து சொல்ல வேண்டியதில்லை. அழுகிய முட்டையும் மண்ணெண்ணெயும் கலந்தாற்போன்ற வாடை திரைச்சீலையை விலக்கிக்கொண்டு உள்ளே வரும். தெருவில் வரிசையாகச் சன்னல்கள் சாத்தப்படும் ஓசை கேட்கும். நானும் எழுந்து சாத்தினேன். சாத்திய கையோடு கைப்பேசியை எடுத்தபோதுதான் செல்வியின் செய்தியைப் பார்த்தேன்.

செல்வி என் அத்தை மகள். கோயம்புத்தூரில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறாள். மாமன் மகள் என்ற முறையில் நான் அவளுக்கு அண்ணி. "அண்ணி, வர்ற சனி ஞாயிறு ரெண்டு நாள் நானும் அவரும் சென்னைக்கு வர்றோம். மெரினா, மகாபலிபுரமெல்லாம் வேணாம். அம்மா அன்னிக்குப் பார்த்த எடமெல்லாம் பார்க்கணும். அவங்க சாப்பிட்ட எடத்துலயே சாப்பிடணும். வரிசையா எழுதி அனுப்புங்க" என்று எழுதியிருந்தாள்.

முப்பது ஆண்டுகள் நூலகத்தில் வேலை பார்த்தவள் நான். ஆயிரக்கணக்கான புத்தகங்களுக்கு அட்டவணை எழுதிய கை இது. ஆனால் நண்பரே, காலையிலிருந்து ஆறேழு வரிப் பட்டியல் ஒன்றை எழுதுவதும் அழிப்பதுமாக உட்கார்ந்திருக்கிறேன். காபி இரண்டு முறை ஆறிவிட்டது.

செல்வியின் அம்மா அற்புதம் என் அப்பாவின் தங்கை. இருவரும் அச்சிறுப்பாக்கத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர்கள். அப்பா பதினைந்து வயதில் ராயபுரத்துக்கு வந்து, துறைமுகத்தில் எடுபிடியாகச் சேர்ந்து, கிரேன் ஓட்டுநராக உயர்ந்தவர். நாக்கையும் முழுதாக ராயபுரத்துக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். அத்தை ஊரிலேயே இருந்தாள். அண்ணனும் தங்கையும் சந்தித்தால் நலம் விசாரிக்கும் வழக்கமெல்லாம் கிடையாது. திட்டிக்கொள்வார்கள். அதுதான் அவர்களுடைய விசாரிப்பு.

"இன்னாடி, காஞ்ச கருவாடு மாரி வந்து நிக்கிற? உன் வூட்டுக்காரன் சோறு போடறானா, மோந்து பாக்கச் சொல்றானா?"

"கப்பல் கப்பலா மூட்டை தூக்கற. உன் தொப்பையை மட்டும் தூக்க முடியலையே அண்ணே."

"மூட்டை தூக்கறது கிரேனு. நான் அத்த ஓட்டறவன். பட்டிக்காட்டுக்கு இன்னா தெரியும்?"

"நீ பேசறதுதான் தெரியல. அண்ணி, இந்தாளு என்ன சொல்றாருன்னு கொஞ்சம் தமிழ்ல சொல்லுங்க."

அம்மா அடுப்படியிலிருந்து சிரிப்பாள். வாசலில் நிற்பவர்கள் இதைக் கேட்டால் சொத்துத் தகராறு என்றே நினைப்பார்கள். மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த எங்கள் தெருவுக்கு மட்டும் உண்மை தெரியும்.

எங்கள் பகுதியில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. ஊரிலிருந்து உறவினர் யார் வந்தாலும் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டத்தான் வருவார்கள். ஆனால் 'பட்டணம் பார்க்க வந்திருக்கிறார்கள்' என்றுதான் சொல்லிக்கொள்வோம். காலையில் எக்ஸ்ரே, மாலையில் கடற்கரை. ரத்தம் கொடுத்துவிட்டு வந்தவர்களை அப்படியே துறைமுகத்துக்குக் கூட்டிப்போய்க் கப்பல் காட்டுவோம். சோதனைக்கும் முடிவுக்கும் நடுவில் இருக்கும் நாட்களை எப்படியாவது கடத்த வேண்டுமல்லவா? தெருவில் எல்லா வீட்டிலும் இப்படி ஒரு விருந்தாளி, மஞ்சள் பையில் மருத்துவச் சீட்டுகளோடு இருப்பார்.

ஒரு கோடையில் அத்தையும் அப்படி ஒரு மஞ்சள் பையோடு வந்தாள். வயிற்றில் வலி என்றாள். எட்டு வயதுச் செல்வியைப் பாட்டனிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். நான் அப்போதுதான் கல்லூரி முடித்து, வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தேன். ஆங்கிலம் தெரிந்தவள் என்பதால் ஆஸ்பத்திரிக்கு என்னையும் அழைத்துப் போனார்கள்.

முடிவு வந்த அன்று மருத்துவர் அப்பாவையும் என்னையும் மட்டும் உள்ளே கூப்பிட்டார். அவர் இளம் வயதுப் பெண். நோய் பரவிவிட்டது, கத்தி வைத்தால் வேதனைதான் மிஞ்சும் என்று தணிந்த குரலில் விளக்கினார்.

"ஒன்னும் பண்ண முடியாதா டாக்டரம்மா?" என்றார் அப்பா.

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. ஆசைப்பட்டதைச் சாப்பிடக் கொடுங்க."

இந்த வாக்கியத்தைப் பின்னாளில் எத்தனையோ குடும்பங்களில் கேட்டிருக்கிறேன். முதல் தடவை கேட்டபோது அதன் பொருள் எனக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. அப்பாவுக்கு உடனே விளங்கிவிட்டது. கிரேனின் உச்சியில் உட்கார்ந்து, அந்தரத்தில் தொங்கும் பாரத்தை விரலசைவில் நிறுத்திவைக்கும் மனிதர், மேசையில் இருந்த காகிதத்தை எடுக்க முடியாமல் இரண்டு முறை தடுமாறினார். நான்தான் எடுத்தேன்.

வெளியே நீள விசுப்பலகையின் ஓரத்தில் அத்தை காத்திருந்தாள். என் கையைப் பார்த்தாள்.

"இங்கிலீசு படிச்சவ நீதான். என்ன போட்டிருக்குன்னு படி."

படித்தேன். அதாவது, தாளைப் பிரித்து எழுத்துகளின்மேல் கண்ணை ஓட்டிக்கொண்டே அதில் இல்லாத ஒன்றைச் சொன்னேன். "ரத்தம் ரொம்பக் கம்மியா இருக்காம் அத்தை. நல்லாச் சாப்பிடணுமாம்."

"இவ்ளோ பெரிய கடுதாசிக்கு அவ்ளோதானா?"

"இங்கிலீஷ்ல கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவாங்க."

அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். "கேட்டியா அற்புதம்? நல்லாத் துன்னணுமாம். நாளிக்கே ஊருக்குப் போவ வேணாம். நான் லீவு போடறேன்."

அத்தையின் கணவருக்குக் கடிதத்தில் உண்மையை எழுதினார். தங்கையிடம் சொல்ல மட்டும் அவருக்கு வாய் வரவில்லை. பொங்கலுக்குக்கூட ஒருநாள் சேர்த்து விடுப்பு எடுக்காதவர் ஐந்து நாள் எடுத்தார். செல்வி கேட்கும் பட்டணம் அந்த ஐந்து நாட்கள்தான்.

முதலில் காசிமேடு. விடிந்ததும் விடியாததுமாகக் கூட்டிப்போனார். ஐஸ் உடைக்கும் சத்தமும் ஏலக் கூச்சலும் ஈரத் தரையும் டீசல் வாடையுமாக இருந்த அந்தக் கரையில், பெரிய தோசைக்கல்லில் மிளகாய் அரைப்பு பூசி மீன் வறுத்துத் தரும் ஒரு பெண்மணி இருந்தார். அத்தை ஒரு துண்டை நுனியில் கிள்ளுவதைப் பார்த்து அவருக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாம்மா, கோழி மாரி கொத்தினுகீற? இப்பத்தான் துடிச்சுகினு வந்த மீனு. நல்லாத் துன்னு."

அத்தை தலையாட்டினாள். அப்பா அந்தப் பக்கம் திரும்பியதும் துண்டு என் இலைக்கு வந்துவிட்டது. அப்பா திரும்பிப் பார்த்து, இலை காலியாக இருக்கவும், "இன்னொண்ணு வைமா" என்றார்.

அந்த ஐந்து நாளும் இதுவே நடந்தது. துறைமுக வாசலில் வடகறியும் இட்லியும், கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிர்ச்சந்தில் பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் போட்ட அத்தோ, கூடவே வாழைத்தண்டு சூப்பு. நூடுல்ஸில் வறுத்த வெங்காயத்தையும் எலுமிச்சையையும் போட்டுக் கையாலேயே பிசைந்து தருவதைப் பார்த்து, "இதென்ன அண்ணே, சிக்கெடுக்காத தலை மாதிரி இருக்கு" என்றாள் அத்தை. வழக்கமாக இதற்கு நாலு வசவாவது பதிலாக வரும். "புடிக்கலைன்னா வேற வாங்கித் தரேம்மா" என்றார் அப்பா. அத்தை நிமிர்ந்து அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். இரண்டு வாய்க்குமேல் அவளுக்கு எதுவும் இறங்கவில்லை. மீதியெல்லாம் நான் தின்றேன். அந்த வாரம் எனக்கு எடை கூடியது என்பதை இப்போது எழுதவும் கூச்சமாக இருக்கிறது.

நான்காம் நாள் எண்ணூர் முகத்துவாரம். படகில் போனோம். அப்பா முன்னால் படகோட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, எதிரே தெரிந்த மின்நிலையப் புகைபோக்கிகளைப் பற்றி அவரோடு பேசிக்கொண்டு வந்தார். அத்தையும் நானும் பின்னால். அத்தை தண்ணீரில் கையை விட்டு, சட்டென்று எடுத்தாள்.

"வெந்நீர் மாதிரி இருக்கே?"

"கரண்டு ஆபீஸ் தண்ணிமா, அப்பிடித்தான் கீயும்" என்றார் படகோட்டி. "கை வலி கால் வலின்னா இங்கயே முக்கிக்க. ஆஸ்பத்திரிக்கே போவ வேணாம்."

அத்தை சிரித்தாள். மறுபடியும் கையை விட்டு அப்படியே வைத்துக்கொண்டாள். பிறகு, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"உங்கப்பன் என்னைத் திட்டி நாலு நாளாச்சு."

நான் அப்பாவின் முதுகைப் பார்த்தேன்.

"ஆஸ்பத்திரிலேர்ந்து வந்தப்புறம் ஒரு வார்த்தை திட்டல. 'அம்மா'ங்கறான். பொறந்ததுலேர்ந்து என்னை அப்பிடிக் கூப்பிட்டதில்ல. கடுதாசில என்ன இருக்குன்னு உன்னைக் கேக்க மாட்டேன். நீ நல்லாத்தான் படிச்ச."

"அத்தை..."

"அழுவாத, அவன் திரும்பிப் பாப்பான். எனக்குத் தெரியும்னு அவனுக்குத் தெரிய வேணாம். இன்னும் எங்கெல்லாம் காட்டணுமோ காட்டட்டும். செல்விக்குக் கதை வேணும்ல? அம்மா பட்டணத்துக்குப் போயி ஆஸ்பத்திரியைப் பாத்துட்டு வந்தான்னா சொல்றது?"

பஸ்ஸில் திரும்பும் வழியில் திருவொற்றியூரில் இறங்கினோம். மேற்கே மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் உயர்ந்த குழாய் முனையில் தீ எரிந்துகொண்டிருந்தது. வெளியூர்க்காரர்களுக்கு அதைக் காட்டுவதில் அப்பாவுக்கு எப்போதும் பெருமை. எரிந்து வீணாகும் வாயுவை ஒரு காட்சியாக நினைத்துக் கூட்டிப்போய்க் காட்டியவர்கள் உலகத்தில் நாங்கள் மட்டுமாகத்தான் இருப்போம். அத்தை நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். "ராவும் பகலும் எரியுமா?" என்று கேட்டாள். "எரியும்" என்றார் அப்பா.

அன்று வீட்டுக்கு வந்ததும் அப்பாவைத் தனியே பிடித்தேன். "அப்பா, அத்தையை ஏதாவது திட்டுங்க" என்றேன்.

"அவளுக்குத் தெரிஞ்சுபூட்சா?"

"இல்லப்பா." அந்த வாரத்தில் நான் சொன்ன இரண்டாவது பொய்.

மறுநாள் எழும்பூரில் விழுப்புரம் பாசஞ்சரில் ஏற்றிவிட்டோம். அத்தை சன்னலோரம் உட்கார்ந்தாள். நடைமேடையில் அப்பா ஒரு பன் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வண்டி ஊதியது. அப்பா திடீரென்று, சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி, உரத்த குரலில் ஆரம்பித்தார்.

"ஏன்டி, அஞ்சு நாளா ஊரெல்லாம் இஸ்துகினு போயி வாங்கிக் குடுத்தா, எல்லாத்தியும் என் பொண்ணு தலைல கட்டிட்டு ஒன்னும் தெரியாத மாரியா குந்தினுகீற? எனுக்குக் கண்ணு இல்லன்னு நென்சியா? கருவாட்டு மூஞ்சி. இந்தா, இத்தையாவது துன்னு. ஒரு துணுக்கு கீழ போட்டே, வண்டியை நிறுத்திட்டு வந்து ஒதைப்பேன்."

முகத்தை மட்டும் வேறு பக்கம் வைத்துக்கொண்டு திட்டினார். அத்தை சன்னல் கம்பிக்கு நடுவே கையை நீட்டிப் பன்னை வாங்கி, "இப்பத்தான் அண்ணே நீ பேசறது புரியுது" என்றாள். பெரிய கடியாகக் கடித்தாள். மென்று விழுங்கினாள். அடுத்த கடி கடித்தாள். வண்டி நகர்ந்து, வளைவில் அவள் முகம் மறையும்வரை அவள் தின்றுகொண்டிருந்ததை நான் பார்த்தேன். மழைக்காலம் தொடங்கும் முன்பே தந்தி வந்துவிட்டது.

செல்விக்கு அம்மா கதை சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறாள். துடிக்கும் மீன், வெந்நீர் ஓடும் ஆறு, அணையாத விளக்கு. அவற்றைத்தான் செல்வி வரிசையாகக் கேட்கிறாள். ராயபுரத்து மணலைக் கடல் எடுத்துக்கொண்டது. அங்கே கருங்கல்லைக் குவித்திருக்கிறார்கள், பக்கத்தில் கண்டெய்னர் லாரிகள் நாள்கணக்கில் நிற்கின்றன. புகைபோக்கிகளை இடித்துவிட்டார்கள். நாங்கள் படகேறிய இடத்தைப் போன வருடம் தேடிப்போனேன். சாம்பல் படிந்த சேற்றைப் பார்த்து நின்றுவிட்டுத் திரும்பினேன். அத்தோ இப்போது தெருவுக்குத் தெரு விற்கிறது. அந்தச் சந்தில் மட்டும் இல்லை. மணலித் தீ எரிகிறதோ என்னவோ, நடுவில் அடுக்ககங்கள் எழும்பிவிட்டதால் எனக்குத் தெரிவதில்லை. வாடை மட்டும் வருகிறது.

இதையெல்லாம் தட்டச்சு செய்து, அழித்து, மறுபடி தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது அவளே மீண்டும் எழுதினாள். "பட்டியல் கஷ்டமா இருந்தா விடுங்க அண்ணி. ரத்தம் கம்மின்னு அம்மாவை நல்லா சாப்பிடச் சொன்னாங்களாமே. அவங்க ஆசையா சாப்பிட்டது எதுன்னு அது ஒன்னு மட்டும் சொல்லுங்க. அதைச் சாப்பிட்டுட்டுப் போறோம்."

நான் சொன்ன பொய் நாற்பது ஆண்டுகளாக அந்த வீட்டில் பத்திரமாக இருந்திருக்கிறது. அதை இப்போது திருத்துவதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவள் கேட்டதற்குப் பதில் தெரியும். 'பன்' என்று எழுதினேன். எழும்பூர் நடைமேடையில் பன் இன்றும் கிடைக்கும். சனிக்கிழமை வாங்கிக் கொடுத்துவிடலாம். பக்கத்தில் நின்று அதைத் தின்னச் சொல்லித் திட்டுவதற்குத்தான் ஆள் இல்லை.