சும்மா கூப்பிடாதீங்க

கத்தரிக்கோலைத் துணியால் துடைத்து, அதன் வாயைத் திறந்து மூடிப் பார்த்து, பைக்குள் அதே இடத்தில் செருகுகிறார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு அதையே உருவி எடுக்கிறார். தினமும் காலையில், என் தகட்டுப் பட்டறையில் முதல் மிஷின் ஓடுவதற்கு முன் இந்தக் கூத்து நடக்கும். பட்டாளத்தில் காயம்பட்டவர்களுக்குக் கட்டுப் போட்டவர். இப்போது என்னிடம் முதலுதவிக்கு இருக்கிறார்.

நான் நாலாங்கிளாஸைத் தாண்டாதவன். ஒற்றைச் சுத்தியலோடு ஆரம்பித்து இன்று இத்தனை குடும்பத்துக்குச் சோறு போடுகிறேன். ஆளைப் பார்த்ததுமே எடை போட்டுவிடுவேன். இவரையும் அப்படித்தான் பிடித்தேன். இந்தத் தெருவில் இருக்கும் மற்ற முதலாளிகளுக்கு இந்த யோசனை வந்ததா?

ஆட்கள் அவரைக் கம்பவுண்டர் என்பார்கள். கட்டிங் மிஷின்காரன் ஒருபடி மேலே போய், "என்ன ஊசி, இன்னிக்கு யாருக்குக் குத்தப்போறீங்க?" என்பான்.

"உன் நாக்குக்குத்தான்" என்று சிரிப்பார். எப்படிக் கூப்பிட்டாலும் கோபம் வராது. டாக்டர் என்றால் மட்டும் ஆகாது.

ஒருநாள் வெளியூர்ப் பார்ட்டிகள் வந்திருந்தார்கள். நம் கம்பெனிக்கும் ஒரு கெத்து இருக்கட்டுமே என்று, "டாக்டர், இங்க வாங்க" என்று குரல் கொடுத்தேன். பையும் கையுமாக ஓடிவந்தார். எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார், எங்கே ரத்தம் என்று. ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

"பட்டாளத்துல நல்லா இருக்கிறவன் எவனும் என்னை டாக்டர்னு கூப்பிட்டதில்ல, மொதலாளி. அடிபட்டு விழுந்தவன்தான் கூப்பிடுவான். அந்தப் பேரைச் சும்மா கூப்பிடாதீங்க" என்றார் தனியாக வந்து. முதலாளிக்கே உத்தரவு. வேறு எவனாவது சொல்லியிருந்தால் அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பியிருப்பேன்.

போன வாரம், தூக்கிக்கொண்டிருந்த தகடு நழுவிக் கட்டிங் மிஷின்காரனின் தொடையைக் கிழித்தது. ரத்தம் பீய்ச்சி அடித்தது. சுற்றி நின்றவர்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"டாக்டர்" என்றான் அவன். கத்தக்கூட இல்லை, முனகல்தான்.

இவர் எப்போது வந்தார் என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்தபோது அவன் தொடைமேல் முட்டியை ஊன்றியிருந்தார். காயத்துக்கு மேலே பட்டையைச் சுற்றி, குச்சியைச் செருகி முறுக்கினார். அவன் அலறினான். இன்னும் முறுக்கினார்.

"டாக்டர், பொழச்சுக்குவேனா?"

"டாக்டர்தானே சொல்றேன், பொழச்சுக்குவே. என்னைத் திட்டு. வாயை மட்டும் மூடாதே."

"நாசமாப் போ... வலிக்குதுய்யா..."

"அப்படித்தான். இன்னும் திட்டு."

கட்டுப் போட்ட நேரத்தை அவன் நெற்றியிலேயே பேனாவால் எழுதினார். கட்டு ரொம்ப நேரம் இறுகியிருந்தால் காலுக்கே ஆபத்தாம்; ஆஸ்பத்திரிக்காரர்கள் கண்ணில் முதலில் அதுதான் படவேண்டுமாம்.

ஆம்புலன்ஸ் வந்தது. அவனை உள்ளே ஏற்றினார்கள். "இவர் எங்க கம்பெனி டாக்டர்" என்று நான் நெஞ்சை நிமிர்த்தினேன்.

"டாக்டர் இல்லைங்க. கட்டு மட்டும்தான் போட்டேன்" என்று அவர்களிடம் சொல்லி என் மானத்தை வாங்கினார்.

கதவைப் பிடித்துக்கொண்டிருந்தவன், "அப்ப நீங்க ஏறக்கூடாது. சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களா?" என்றான்.

உள்ளேயிருந்து, "டாக்டர்" என்று கேட்டது. குரல் முன்னைவிடச் சன்னமாக இருந்தது.

இவர் கதவிலிருந்த அந்தக் கையை மெல்ல விலக்கிவிட்டு ஏறி, உள்ளேயிருந்து தானே கதவைச் சாத்திக்கொண்டார்.